ஆறு வாரக் குளிர்

நாகப்பட்டினத்தில் குளிர் வேண்டுமென்றால்
ஐஸ் கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.
மார்கழி இங்கே
ஒரு துப்பட்டி அளவுகூடக் குளிராது.
மேப்பிளுக்கு அது காணாது.
ஆறு வாரமாவது அதைத் தூங்கவிட வேண்டும்.
எனக்கு இதைச் சொன்னவை
முதலில் செத்த இரண்டு மரங்கள்.

இது மூன்றாவது.
கொடைக்கானல் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வந்தது.
அரை டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர்,
சிரிக்காமல்.

வெளிப்பாளையத்தில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை.
வோல்டேஜ் இறங்கி ஏறும் குறுவை மாதங்களில்
கீழையூரிலிருந்தும் வலிவலத்திலிருந்தும்
கருகிய மோட்டார்கள் வரும்.
பிரித்தால் உள்ளே
எரிந்த செம்பு மெத்தென்றிருக்கும்.
ஒருமுறை வளைத்துவிட்டால்
இறுகிக்கொள்ளும்,
பிறகு நம் பேச்சைக் கேட்காது.
கிளை திருத்த அதைவிட நல்ல கம்பி
நான் பார்த்ததில்லை.

வண்டல் ஆகாது இதற்கு.
ஊருக்கே சோறு போடும் மண்
இதன் வேரை மூச்சு முட்ட வைக்கிறது.
உடைத்த ஓடு, சலித்த செங்கல்,
மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் அடியில் நாலு ஓட்டை.
கிணற்றில் உப்பு.
பக்கத்து பேங்க்கின் ஏசி சொட்டுவதை
வாளி வைத்துப் பிடிக்கிறேன்.
"பிள்ளைக்குக்கூட இப்படிப் பால் தேடலை நீங்க,"
என்றாள் தையல்நாயகி.
உண்மைதான்.

ஐஸ் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு மோட்டார்
கூலியில்லாமல் கட்டிக்கொடுக்கிறேன்.
பதிலுக்கு
ஃபோர்மேன் பக்கிரிசாமி
நாலு டிகிரி அறையின் மூலையில்
பெட்டி வைக்க இடம் விடுகிறார்.
முதலாளி கேட்டால்
மூலிகை என்று சொல்வதாக ஏற்பாடு.

போன ஆடியில்
அஞ்சம்மாள் வந்தார், அதே ஐந்து ஹெச்பியோடு.
இரண்டாம் வருஷமாக எரிந்திருக்கிறது.
பில் எழுதும்வரை
மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"காய்க்குமா?"
காய்க்காதும்மா.
"நெழல்?"
எறும்புக்கு ஆகும்.
"கம்பி ஏது?"

மறைத்திருக்கலாம்.
போன வருஷம் உங்க மோட்டார்ல எடுத்தது, என்றேன்.

அவர் கோபப்படவில்லை.
விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.
"மூணு மா காஞ்சுது அப்ப."
காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கொஞ்சநேரம்.
பிறகு குனிந்தார்,
கிளையைத் தொட்டார்.
"பாரு, கடிக்குது.
கன்னுக்குட்டிக் கயித்தை
இவ்ளோ நாளா அவுக்காம வைப்பாங்க?"

தினமும் பார்க்கிறவன் நான்.
எனக்குத் தெரியவில்லை.
பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது செம்பு.

பிரித்தெடுத்தால் பட்டை கிழியும்.
கட்டிங் பிளேயரால்
ஒவ்வொரு சுற்றாக நறுக்கினேன்.
துண்டுகள் மேஜையில் விழ விழ
அவர் பொறுக்கிக்கொண்டார்.
"எஞ் செம்பு."
தராசில் வைத்தேன்.
நாற்பத்தொரு கிராம்,
கூலியில் கழித்துக்கொண்டோம்.

கம்பி போன இடத்தில்
மறை கழன்ற போல்ட்டாட்டம் ஒரு சுருள் தழும்பு.
வருஷத்தில் மூடும் என்று நினைக்கிறேன்.
கிளை கொஞ்சம் மேலே எழும்பிவிட்டது,
நான் நினைத்த வடிவம் இல்லை.
மறுபடி கட்டவில்லை.
கட்டவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் தோன்றும்,
கம்பியைக் கையில் எடுப்பேன்,
அப்போது பார்த்து யாராவது மோட்டாரோடு வந்துவிடுவார்கள்.

இப்போது மறுபடி மார்கழி.
மரம் உள்ளே போய் ஒன்பது நாள்.
படகுகளுக்கு ஐஸ் ஏற்றி முடித்த
விடியல் நாலு மணிக்கு பக்கிரிசாமி போன் செய்கிறார்:
"எல்லாம் கொட்டிருச்சு.
ஒண்ணு மட்டும் விழமாட்டேங்குது,
செவப்பா நிக்குது.
கிள்ளிரவா?"

வேண்டாம், என்றேன்.
கதவைச் சாத்திடுங்க.